ரம்பம் எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள்

மும்பையின் முலுண்டில் பழைய சொசைட்டிகளின் பார்க்கிங்கில், சுவரோரமாக ஏதாவது ஒரு மோட்டார் சைக்கிள் தார்ப்பாய் போர்த்தி நின்றுகொண்டிருக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ராஜ்தூத், இல்லையென்றால் புல்லட். அப்பா வேலைக்கு ஓட்டிப்போன வண்டி. விற்க மனமில்லை, ஓட்டவும் ஆளில்லை. கல்லூரி முடித்த பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், 'இதைக் கஃபே ரேசர் ஆக்கிவிடலாமே' என்ற பேச்சு ஒருநாள் வந்தே தீரும்.

பேச்சு வந்த வாரமே வேலையும் தொடங்கிவிடும். ஹேண்டில்பாரைத் தாழ்த்துவார்கள். நீள சீட்டை எடுத்துவிட்டு, ஒருவர் மட்டும் உட்காரும் கூம்பு வால் சீட்டைப் பொருத்துவார்கள். மட்கார்டைக் குட்டையாக வெட்டுவார்கள், ஏர் பில்டர் பெட்டியைத் தூக்கிப்போடுவார்கள், சைலன்சரைக் குடைவார்கள். இந்த ஐந்து வேலையும் வெறும் அலங்காரம் என்று நினைப்பதுதான் வழக்கம். உண்மையில் ஒவ்வொன்றும் வண்டியின் காற்று, எடை, வெப்பம், ஒலி அலை ஆகியவற்றின் கணக்கை மாற்றிவிடுகிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்கினால், வீட்டு பார்க்கிங்கிலேயே நல்ல வண்டி உருவாகும். தெரியாமல் இறங்கினால், ஓடிக்கொண்டிருந்த வண்டியும் நின்றுபோகும்.

லண்டனிலிருந்து ஒரகடம் வரை

லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் 1938இல் லாரி ஓட்டுநர்களுக்காக ஒரு கடை திறந்தார்கள். பெயர் ஏஸ் கஃபே. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் இடிந்து, 1949இல் மீண்டும் எழுந்தது. ஐம்பது, அறுபதுகளில் அது மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் கூடாரம். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதுதான் அவர்களின் கனவு. பந்தய வண்டி வாங்கக் கையில் காசு இல்லை. இருக்கிற வண்டியிலிருந்து வேண்டாததையெல்லாம் கழற்றினார்கள். குனிந்து ஓட்டுவதற்கு வசதியாக ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள். சிலர் நார்ட்டன் வண்டியின் உறுதியான 'ஃபெதர்பெட்' சேஸிஸில் டிரையம்ஃப் எஞ்சினை வைத்து, 'ட்ரைட்டன்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள்.

இப்படி இளைஞர்கள் கையால் செய்த கஃபே ரேசரை ஆலைகளும் செய்யத் தொடங்கின. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1964இல் இங்கிலாந்தில் 'கான்டினென்டல் ஜிடி' என்ற 250 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. கடையிலிருந்து எடுக்கும்போதே அது கஃபே ரேசர்தான். அந்த நிறுவனத்தின் இங்கிலாந்து ஆலைகள் பின்னர் மூடப்பட்டன. ஆனால் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து தொடங்கிய சென்னைக் கிளை உயிரோடு இருந்தது. அதே பெயரில் 535 சிசி வண்டி 2013இலும், இரட்டை சிலிண்டர் கொண்ட 650 வண்டி 2018இலும் வந்தன. லண்டன் சாலையோரம் பிறந்த ஒரு வடிவத்தைத் திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் வேர்விட்ட நிறுவனம் உலகத்துக்கு விற்கிறது. பழைய வண்டியை மாற்ற நினைக்கும் தமிழ் இளைஞர் ஏதோ அந்நிய மோகத்தில் இறங்குகிறார் என்று சொல்ல இனி இடமில்லை.

குனிந்தால் கிடைக்கும் குதிரைத்திறன்

ஹேண்டிலை ஏன் தாழ்த்தினார்கள்? வண்டி வேகமெடுக்கும்போது காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடியில் ஏறும். அதை வெல்ல எஞ்சின் தரவேண்டிய திறனோ மும்மடியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பயனுறு பரப்பைச் சுமார் 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் காற்றைத் தள்ள முக்கால் குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. 80இல் சுமார் 5.3 குதிரைத்திறன். 100இல் பத்தைத் தாண்டிவிடும். ஆர்எக்ஸ் 100இன் 98 சிசி எஞ்சின் மொத்தமாகத் தருவதே 11 குதிரைத்திறன்தான். செயினிலும் டயரிலும் போகும் இழப்பு தனி. ஆக, 100ஐ நெருங்கும்போது அந்த எஞ்சின் தன் உழைப்பு முழுவதையும் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது.

இப்போது ஓட்டுபவர் டேங்க் மேல் குனிகிறார். பயனுறு பரப்பு 0.4 சதுர மீட்டராகக் குறைகிறது என்று கொள்வோம். அதே 100 கிலோமீட்டருக்கு இப்போது ஏழு குதிரைத்திறன் போதும். நிமிர்ந்த நிலையிலேயே இதே பலன் வேண்டுமென்றால், எஞ்சினின் திறனைப் பாதிக்குப் பாதி கூட்டியாக வேண்டும். சிலிண்டரைக் குடைந்து, பிஸ்டன் மாற்றி, பெரிய கார்புரேட்டர் வைத்தும் எட்டக் கடினமான பலனை இரண்டு இரும்புக் குழாய்களின் உயரம் கொடுத்துவிடுகிறது. ஏஸ் கஃபே இளைஞர்கள் கண்டுபிடித்த ரகசியம் இதுதான்.

கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். எல்.பி.எஸ். மார்க் சாலையில் மாலை நேரத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, குனிவதால் மிச்சமாவது ஒன்றுமேயில்லை. மும்பையில் வேகமாகப் போக வழிவிடும் பாந்திரா–வொர்லி கடல் பாலத்திலும் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயிலும் அடல் சேதுவிலும் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. வலியோ மிச்சமில்லாமல் வரும். வேகமாகப் போகும்போது எதிர்காற்று மார்பைத் தாங்கிப் பிடிக்கிறது. உடம்பின் எடை கைக்கு வருவதில்லை. 80இல் இருக்கும் காற்றின் தாங்கல், 20இல் பதினாறில் ஒரு பங்குதான். அந்தத் தாங்கல் போனதும் மேலுடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். கஃபே ரேசரில் முலுண்டிலிருந்து தாதர் போய்த் திரும்புபவருக்குக் கை மரத்துப்போவதன் காரணம் இதுதான்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. ஃபோர்க் குழாயைக் கவ்விப்பிடிக்கும் 'கிளிப்-ஆன்' ஹேண்டிலுக்குப் பதிலாக, பழைய கிளாம்பிலேயே பொருந்தும் தட்டையான, தாழ்ந்த ஹேண்டில்பாரை வையுங்கள். முதுகு பாதி வளையும், மணிக்கட்டு தப்பும். வேண்டாமென்றால் அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம். எதை வைத்தாலும், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். கட்டைவிரல் டேங்கில் இடித்தால், யூ-டர்ன் எடுக்கும்போது வண்டியோடு விழ நேரும். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் மடங்காமல் ஓடுகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இருபது மில்லிமீட்டரின் விளைவு

வண்டி முன்னால் தாழ்ந்து பின்னால் தூக்கி நிற்க வேண்டும் என்பது பலரின் ஆசை. அதற்காகப் பின்னால் நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டுவார்கள். ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே ஏற்றுவார்கள். இதில் மாறுவது ஸ்டியரிங்கின் கோணம்.

ஃபோர்க் திரும்பும் அச்சை ஒரு நேர்கோடாகத் தரைவரை நீட்டுங்கள். அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை 'டிரெய்ல்' என்பார்கள். குழியில் இறங்கி முன்சக்கரம் கோணிக்கொண்டாலும் தானாக நேர்ப்பாதைக்குத் திரும்பிவிடுவதில் இந்தத் தூரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சக்கரங்களுக்கிடையே 1.3 மீட்டர் உள்ள வண்டியைப் பின்னால் 20 மில்லிமீட்டர் தூக்கினால் கோணம் ஏறக்குறைய ஒரு பாகை செங்குத்தாகும். டிரெய்ல் சுமார் 6 மில்லிமீட்டர் குறையும். வண்டி சட்டென்று திரும்பும், கையில் இலகுவாக இருக்கும். 20ஐ 60 ஆக்கினால் அந்த இலகுவே ஆபத்து. மழைக்காலம் முடிந்ததும் நம் சாலைகளில் இருக்கும் குழிகளில் ஹேண்டில் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியபின் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பத்துக்குப் போங்கள்.

முதல் செலவு பிரேக்குக்கு

பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு ஓடுகிறது. ஆர்எக்ஸ் 100 வண்டி 103 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 173. எடைமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, வேகம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குக் குறைகிறது என்றால், ஏறத்தாழ 43 கிலோ பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறும். ஹேண்டில் தாழ்ந்து உடம்பு முன்னே சாய்ந்திருந்தால் இன்னும் ஓர் ஐந்து கிலோ சேரும். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான். பழைய வண்டிகளில் அது சிறிய டிரம்.

டிரம்மின் பலவீனம் வெப்பம். ஷூ உராயும் இடம் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் சூடு வெளியேறுவது மெதுவாக நடக்கும். சூடேறச் சூடேறப் பிடிமானம் தளரும். அதனால் ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் செலவழிக்கும் முன் புது பிரேக் ஷூ, புது கேபிள், புது டயர் போடுங்கள். டிரம்மின் உட்பக்கம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து வட்டமாகக் கடைந்து வாங்குங்கள். வெளியே பார்த்தால் பெயிண்ட் மின்ன டயரில் விரிசல் விட்டிருக்கும் கஃபே ரேசர்கள் நிறையவே ஓடுகின்றன. டயர் கெட்டியாகிவிட்டதா என்பதைப் பக்கவாட்டில் விரல்நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

எஞ்சின் மூச்சுவிடும் வழி

ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு பில்டரை மாட்டுவது எல்லோரும் செய்யும் வேலை. பார்க்க அழகு. ஆனால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை மேலே இழுப்பது அங்கே ஓடும் காற்றின் அழுத்தக் குறைவு. பெட்டியும் அதன் குழாயும் காற்றுக்கு ஓரளவு தடை கொடுக்கும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் ஆலையில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவை முடிவு செய்திருப்பார்கள். தடையை எடுத்துவிட்டால் காற்று கூடும், அதற்கு ஏற்ற பெட்ரோல் வராது. மெக்கானிக்குகள் 'லீன்' என்று சொல்லும் நிலை இதுதான். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். டூ-ஸ்ட்ரோக் வண்டி நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் சீஸ் ஆகி நிற்கும். யெஸ்டி, ராஜ்தூத் போலப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வண்டியில் இழப்பு இரட்டிப்பு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறையும்.

இன்று இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ சாதாரண பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்குச் சுமார் 13.5 என்று வருகிறது. பழைய ஜெட்டை அப்படியே வைத்திருந்தால், நீங்கள் ஒரு திருகைக்கூடத் தொடாமலே கலவை எட்டு சதவீத அளவுக்கு லீன் ஆகிவிட்டது என்று பொருள். அதன்மேல் கூம்பு பில்டரையும் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடும். அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியாக வேண்டும்.

கலவை சரியா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. காலி சாலையில் ஒரே ஆக்சிலரேட்டர் நிலையில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டுங்கள். கிளட்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்துங்கள். கையுறை போட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கான் முனையைப் பாருங்கள். காப்பிப் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் லீன், மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்குங்கள். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். ஜெட் மாற்றாமல் பில்டரை மாற்றக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். முலுண்டுக்காரர்களுக்கு இன்னொரு யோசனை: ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், திறந்த பில்டரும் குட்டை மட்கார்டும் சேர்ந்தால் பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் நேரே கார்புரேட்டருக்குத்தான் போகும். பழைய பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சைலன்சரைக் குடைவது இதைவிடப் பெரிய தவறு. டூ-ஸ்ட்ரோக்கின் சைலன்சர் எஞ்சினின் ஓர் உறுப்பு. ஆர்எக்ஸ் 100 உச்சத் திறன் தரும் 7500 சுற்றில், ஒரு சுற்று முடிய 8 மில்லி விநாடிதான் ஆகிறது. அதில் எக்ஸாஸ்ட் துவாரம் திறந்திருப்பது ஏறக்குறைய பாதி நேரம். துவாரம் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. விரியும் பகுதியில் பட்டுத் திரும்பும் அலை, சிலிண்டரில் மிஞ்சிய புகையை உறிஞ்சி எடுக்கிறது. குறுகும் பகுதியில் பட்டுத் திரும்பும் அலை, வெளியே நழுவப் பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையைத் துவாரம் மூடும் முன் உள்ளே தள்ளிவிடுகிறது. சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர். 90 சென்டிமீட்டர் போய்த் திரும்ப 3.6 மில்லி விநாடி ஆகும். துவாரம் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்ட குழாயைக் குடைந்தால் சத்தம் கூடும், இழுவை குறையும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதுபோலத் தோன்றும். காது ஏமாறுகிறது, அவ்வளவுதான்.

டேங்கும் சேஸிஸும்

கடல் காற்று படும் ஊரில் பல வருடம் நின்ற வண்டியின் டேங்குக்குள் துரு நிச்சயம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இப்போது அது இன்னும் வேகமாகப் பிடிக்கிறது. லேசான துருவுக்குச் சிட்ரிக் அமிலம் போதும். புளி போட்டுப் பித்தளைக் குடத்தை வீட்டில் துலக்குகிறோமே, அதே வேதியியல்தான்: கரிம அமிலம் ஆக்சைடைக் கரைத்து உலோகத்தை வெளிக்கொண்டுவருகிறது. துரு கனமாக இருந்தால் மின்பகுப்பு முறை நல்லது. டேங்கைச் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, பெட்ரோல் வாடை அறவே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, டேங்கில் படாதபடி சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை உள்ளே தொங்கவிடுங்கள். பேட்டரி சார்ஜரின் எதிர்முனை டேங்குக்கு, நேர்முனை கம்பிக்கு. சில மணி நேரத்தில் துரு இளகிக் கழன்றுவரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டாம், நச்சுள்ள குரோமியம் சேர்மம் உருவாகும். உப்பும் வேண்டாம், குளோரின் வாயு வரும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் மூடிய பார்க்கிங்கில் இதைச் செய்யவே கூடாது. காற்றோட்டமான மொட்டை மாடியில் செய்யுங்கள்.

சீட்டுக்கு அலைய வேண்டாம். தோல் தொழிலோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியில், தோலும் ரெக்ஸினும் தைக்கத் தெரிந்த கைகள் ஏராளம். உதிரி பாகங்களுக்குக் குர்லா சி.எஸ்.டி. ரோடு இருக்கிறது.

சேஸிஸின் வாலை அறுத்து வளைவுக் குழாய் பற்றவைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பின்பக்கக் குழாய்கள் இரண்டும் ஓட்டுபவரின் எடையையும் ஷாக் அப்சார்பரின் உதையையும் தாங்குகின்றன. குறுக்குக் குழாயை வெட்டினால் இரண்டும் தனித்தனியாக முறுக ஆரம்பிக்கும். வெல்டிங் செய்த இடத்தை ஒட்டிய உலோகம் சூட்டில் தன் தன்மை மாறி, விரிசல் விடும் இடமாகிவிடுகிறது. ஓயாத அதிர்வில் அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து ஒருநாள் முறியும். பழைய சீட்டின் போல்ட் துளைகளிலேயே உட்காரும்படி தகட்டில் ஓர் அடித்தளம் செய்து, அதன்மேல் புது சீட்டைப் பொருத்தினால் ரம்பமே வேண்டாம்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கையும் உண்டு என்பதால், ஒற்றை சீட்டும் இதில் சிக்கும். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதினைந்து வருடம் கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது, எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பார்ப்பார்கள். அந்த எண்கள் உள்ள இடத்தில் உப்புத்தாள்கூடப் படக் கூடாது.

சட்டமும் இயற்பியலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. சேஸிஸ், எஞ்சின், சைலன்சர், ஏர் பில்டர் பெட்டி நான்கையும் தொடாதீர்கள். பிரேக், டயர், கேபிள், ரப்பர் குழாய்களைப் புதிதாக்குங்கள். டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். அதன்பிறகு தாழ்ந்த ஹேண்டில், போல்ட் போட்டுப் பொருத்தும் இருவர் சீட், உங்களுக்குப் பிடித்த நிறம். இவ்வளவிலேயே கஃபே ரேசரின் வடிவம் வந்துவிடும். கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் பெயர் எழுதிச் சாக்கில் கட்டி வையுங்கள், ஒன்றையும் விற்காதீர்கள். எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றமே நல்ல மாற்றம். அப்படித் திரும்ப முடியாத எந்த வேலையையும் அப்பாவின் வண்டியில் செய்யாதீர்கள்.